தூக்குவது வேறு, தாங்குவது வேறு

மாலையில் வேலை முடிந்து வந்த டிராக்டரைக் கொட்டகையில் நிறுத்துகிறார்கள். பின்னால் கலப்பை முழங்கால் உயரத்திற்குத் தூக்கி நிற்கிறது. மறுநாள் காலையில் பார்த்தால் அது தரையைத் தொட்டுக்கொண்டிருக்கிறது. இரவில் யாரும் நெம்புகோலைத் தொடவில்லை. பழைய டிராக்டர் உள்ள வீடுகளில் இது ஒன்றும் புதிய செய்தி அல்ல. "ஹைட்ராலிக் கொஞ்சம் இறங்கும்" என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விடுவார்கள்.

கலப்பை இறங்கினால் போகட்டும். அதே டிராக்டரிலிருந்து ஒரு குழாய் இழுத்து, டிப்பர் டிரெய்லரையோ மண் அள்ளும் வாளியையோ தூக்க வைக்கிறோமே, அங்கேயும் இதே பேச்சைப் பேசலாமா? பேசக்கூடாது என்பதே என் கருத்து. காரணத்தைச் சொல்கிறேன்.

பாஸ்கல் விதி உங்களுக்குத் தெரியும். அடைபட்ட திரவத்தில் ஓரிடத்தில் கொடுக்கும் அழுத்தம் எல்லாத் திசைகளிலும் சமமாகப் பரவும். எண்ணெயின் அழுத்தம் சதுர சென்டிமீட்டருக்கு 100 கிலோகிராம் என்றும், பிஸ்டனின் பரப்பு 30 சதுர சென்டிமீட்டர் என்றும் கொண்டால், அது 3000 கிலோகிராம் எடையைத் தூக்கும். தேர்வுத்தாளில் கணக்கு இத்துடன் முடிந்துவிடும். ஆனால் தூக்கிய எடையை மேலேயே நிறுத்தி வைப்பது எது? பம்பு அல்ல, அது ஓய்ந்துவிட்டது. எண்ணெய் திரும்பி வரும் வழியை அடைத்துக்கொண்டிருக்கும் ஒரு சிறு வால்வும், பிஸ்டனைச் சுற்றியுள்ள அடைப்பு வளையமும்தான் முழுச் சுமையையும் தாங்குகின்றன. அவற்றில் மயிரிழை தேய்ந்தாலும் எண்ணெய் கசியும், சுமை இறங்கும். 1795இல் ஜோசப் பிராமா இங்கிலாந்தில் நீரழுத்த எந்திரத்துக்குக் காப்புரிமை பெற்றபோது அவருக்குப் பெருந்தொல்லை கொடுத்ததும் இந்தக் கசிவுதான்.

டிராக்டருக்கு வருவோம். அயர்லாந்தில் பிறந்த ஹாரி பெர்குசன் என்ற பொறியாளர், கலப்பையை டிராக்டரின் பின்னால் மூன்று இடங்களில் இணைத்து, எண்ணெய் அழுத்தத்தால் தூக்கி இறக்கும் முறையை வகுத்தார். 1938இல் அவரும் ஹென்றி போர்டும் கை குலுக்கிச் செய்துகொண்ட ஒப்பந்தத்தின்படி, 1939இல் போர்டு 9என் டிராக்டர் அமெரிக்காவில் வெளிவந்தது. பின்னர் இங்கிலாந்தின் கவன்ட்ரி நகரில் 1946 முதல் 1956 வரை பெர்குசன் டிஇ20 டிராக்டர்கள் 5 லட்சத்துக்கும் மேல் செய்யப்பட்டன. அமெரிக்காவில் போர்டு 8என் 1947 முதல் 1952 வரை ஏறத்தாழ அதே அளவு விற்றது. இன்றும் இவற்றைப் பழுது பார்த்து ஓட்டுகிறவர்கள் பலர் இருக்கிறார்கள்.

பெர்குசனின் முறை அருமையானது. மண் இறுகிக் கலப்பையை அதிகம் இழுத்தால், மேல் இணைப்புத் தண்டு ஒரு சுருள்வில்லை அழுத்தும். வில் வால்வை நகர்த்தும். கலப்பை தானாகவே சற்று உயரும். ஓட்டுபவர் திரும்பிப் பார்க்கவே வேண்டாம்! ஆனால் இவ்வளவு நுட்பமும் ஒரே ஒரு வேலைக்காக, உழவுக்காக, வகுத்தது. தூக்கும் பிஸ்டன் டிராக்டரின் இரும்பு உடலுக்குள்ளேயே இருந்தது. வெளியே ரப்பர்க் குழாய் கிடையாது.

உழவன் சும்மா இருப்பானா? தூக்கும் சக்தி ஒன்று கையில் இருக்கும்போது எருவை அள்ளலாமே, டிரெய்லரைக் கவிழ்க்கலாமே என்று தோன்றியது. எண்ணெய்ப் பாதையில் ஓர் இணைப்பைத் திறந்து குழாய் போட்டார்கள். துணை ஹைட்ராலிக் அமைப்பு என்பது இதுதான்.

உடனே குறைகள் வெளிப்பட்டன. டிஇ20, 8என் இரண்டிலும் பம்பைச் சுழற்றியது, வெளிக்கருவிகளுக்குச் சக்தி கொடுக்கும் பின்தண்டு. அந்தத் தண்டு கிளட்ச் வழியாகச் சுழன்றது. ஆகவே கிளட்ச்சை மிதித்தால் சக்கரம் மட்டுமல்ல, பம்பும் நின்றது. எருக்குவியலில் வாளியைச் செலுத்தியவர் முதலில் வண்டியை நிறுத்தி, கியரை நடுநிலைக்குக் கொண்டுவந்து, கிளட்ச்சை விட்ட பிறகுதான் வாளியைத் தூக்க முடியும். மேலும், அந்த அமைப்பு எண்ணெயை ஒரு பக்கம் மட்டுமே தள்ளும். இறங்குவது சுமையின் சொந்த எடையால்தான். டிப்பருக்கு அது போதும், வாளியை மண்ணில் அழுத்துவதற்குப் போதாது. எண்ணெயும் தனி எண்ணெய் அல்ல. 8என் டிராக்டரில் கியர்ப் பெட்டிக்கும் பின் அச்சுக்கும் ஹைட்ராலிக்குக்கும் சேர்த்து சுமார் 19 லிட்டர்தான். வெளியே பெரிய உருளை ஒன்றை மாட்டினால் அது சில லிட்டரை உறிஞ்சிக்கொள்ளும். இணைப்பு வாயைத் துடைக்காமல் மாட்டினால் வயல் மண் நேரே கியர்ப் பெட்டிக்குப் போகும்.

இவற்றில் கிளட்ச் தொல்லை விரைவில் தீர்ந்தது. போர்டுக்கும் பெர்குசனுக்கும் நடந்த வழக்கு 1952இல் 92.5 லட்சம் டாலருக்கு முடிந்தது. பழைய பம்பு அமைப்பைப் போர்டு கைவிட வேண்டியதாயிற்று. 1953இன் போர்டு டிராக்டரில் எஞ்சினே நேராகப் பம்பைச் சுழற்றியது. (நீதிமன்றமும் சில சமயம் பொறியியலுக்கு உதவி செய்யும் போலும்!) மாஸி பெர்குசன் 35இல் இரண்டு கட்டக் கிளட்ச் வந்தது, பாதி மிதித்தால் வண்டி நிற்கும், பம்பு ஓடும். 1960இல் சென்னையில் தொடங்கிய டாஃபே நிறுவனம் மாஸி பெர்குசன் கூட்டுறவுடன்தான் டிராக்டர் செய்யத் தொடங்கியது. ஆகவே இந்தக் கதையின் ஒரு கிளை நம் ஊர் வயல்களுக்கும் வந்திருக்கிறது.

தூக்குவதை இப்படிச் சீர்திருத்தினார்கள். தாங்குவதை? பழைய டிராக்டரைப் புதுப்பிக்கிறவர்கள் எஞ்சின் முன்னால் தனிப் பம்பு பொருத்துகிறார்கள். எவ்வளவு எடை தூக்கும், எத்தனை விநாடியில் தூக்கும் என்று பெருமையாகச் சொல்கிறார்கள். பம்பு நின்றபின், குழாய் வெடித்தால் என்ன ஆகும் என்று கேட்பவர் குறைவு.

நீங்களே ஒரு சோதனை செய்து பாருங்கள். ஊசி இல்லாத இரண்டு சிரிஞ்சுகளை மெல்லிய ரப்பர்க் குழாயால் இணைத்து நீர் நிரப்புங்கள். ஒன்றை அழுத்தினால் மற்றதன் மேல் வைத்த புத்தகம் உயரும். இப்போது நீங்கள் அழுத்தும் சிரிஞ்சுக்குப் பக்கத்தில் குழாயைத் துணிக் கிளிப்பால் இறுக்குங்கள். கையை எடுத்தாலும் புத்தகம் நிற்கிறது. கிளிப்புக்கும் புத்தகத்துக்கும் நடுவே குழாயில் ஒரு துளை போடுங்கள். புத்தகம் இறங்கிவிடும், கிளிப் சரியாக இருந்தும் பயன் இல்லை. டிராக்டரில் உள்ள வால்வு அந்தக் கிளிப். டிப்பருக்குச் செல்லும் ரப்பர்க் குழாய் முழுவதும் அந்த வால்வுக்கு அப்பால் இருக்கிறது. எனவே பூட்டு வால்வு டிராக்டரில் இருந்து பயனில்லை. சுமையைத் தாங்கும் உருளையின் வாயிலேயே இருக்க வேண்டும்.

அதுவும் என்றாவது தேயும். ஆகையால் தூக்கிய டிப்பருக்கு அடியில் யாராவது கிரீஸ் போடக் குனிய வேண்டுமானால், முதலில் இரும்பு முட்டுக் கொடுக்க வேண்டும். எண்ணெயை நம்பித் தலையைக் கொடுக்கக்கூடாது. குழாயில் கசிவு இருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்ப்பதும் ஆபத்து. ஊசித்துளை வழியே பீறிடும் எண்ணெய் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். வெளியே சிறு புள்ளிதான் தெரியும். ஆனால் உடனே அறுவை மருத்துவரிடம் போகாவிட்டால் விரலையே இழக்க நேரலாம். எஞ்சினை நிறுத்தி, சுமையை இறக்கி, அழுத்தத்தை வெளியேற்றிய பிறகே குழாயில் கை வைக்கலாம்.

பழைய வண்டியில் அன்று இல்லாத எதையும் சேர்க்கலாகாது என்று வாதாடும் ஆர்வலர்கள் உண்டு. பெயின்ட் நிறத்திலும் விளக்கின் வடிவத்திலும் அவர்கள் பிடிவாதம் எனக்கும் பிடிக்கும். பூட்டு வால்வு விஷயத்தில் அவர்களோடு நான் உடன்படவில்லை. முட்டுக் கம்பியையோ கண்காட்சி நாளில் கழற்றி இருக்கைக்கு அடியில் வைத்துக்கொள்ளலாம்.