பழைய காரின் உயரமும் சுருள்வில்லின் கணக்கும்

பழைய மோட்டார் கார்களைப் புதுப்பித்துப் போற்றும் அன்பர்களிற் சிலர், வண்டி தரையோடு ஒட்டி நிற்பதே அழகு எனக் கருதுகின்றனர். அதன்பொருட்டு முன்சக்கரங்களின் சுருள்வில்லைக் கழற்றிவிட்டுக் குட்டையானதொன்றைப் பொருத்துகின்றனர். செலவுக்கு அஞ்சுவோர் பழைய வில்லிலேயே ஒரு சுற்றை அறுத்துவிடுகின்றனர். இரண்டையும் ஒன்றாகவே எண்ணுவது தவறு. ஆனால் முதலாவதும் எண்ணப்படும் அளவுக்குத் தீங்கற்றதன்று.

பிரீமியர் பத்மினியை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். 1953-ல் இத்தாலியில் வெளிவந்த பியட் 1100/103-ன் வழித்தோன்றலாகிய இவ்வண்டி, மும்பைத் தெருக்களில் டாக்ஸியாக ஓடியது 2023 அக்டோபரில்தான் முற்றுப்பெற்றது. முன்புறம் சுருள்வில், பின்புறம் பட்டைவில் என்பது இதன் அமைப்பு. முன்வில்லை மட்டும் குறுக்கினால் மூக்குப்புறம் கவிழ்கிறது. முகப்பு விளக்கின் ஒளி அருகிலேயே விழுகிறது. திருப்பிய சக்கரம் தானே நேர்நிலைக்கு மீளும் இயல்பும் குறைகிறது.

இவற்றினும் பெரியது வேறொன்று. நிற்கும் வண்டியில், சக்கரம் மேலெழுந்து ரப்பர் தடுப்பில் முட்டுவதற்கு முன் 8 செ.மீ. இடைவெளி உள்ளதெனக் கொள்வோம். வண்டியை 4 செ.மீ. தாழ்த்தினால் எஞ்சுவது பாதி. நீட்சி விசைக்கு ஏற்ப அமையும் என்று 1678-ல் ராபர்ட் ஹூக் வெளியிட்ட விதியின்படி, வில் ஏற்கும் சக்தி அது அமுங்கும் தூரத்தின் இருமடிக்கு ஏற்ப அமைகிறது. ஆகவே பாதித் தூரத்தில் அதே அதிர்ச்சியை ஏற்க வேண்டுமாயின் வில்லின் விறைப்பு நான்கு மடங்காக வேண்டும். அத்தகைய வண்டியில் ஒருமுறை ஏறியவர் மறுமுறை ஏற மாட்டார். 1 செ.மீ. மட்டும் தாழ்த்தினாலும் சுமார் 31 விழுக்காடு கூடுதல் விறைப்புத் தேவை.

சுற்றை அறுப்பவரின் கணக்கு இங்கேதான் பொய்த்துப்போகிறது. வேலை செய்யும் 8 சுற்றுகளில் ஒன்றை அறுத்தால் விறைப்பு 14 விழுக்காடே கூடும். வண்டியோ பல செ.மீ. இறங்கிவிடக் கூடும். அறுபட்ட முனை இருக்கையில் சரியாகப் பொருந்துவதுமில்லை. எரிவாயுச் சுடரால் அறுத்தால் எஃகின் பதம் கெட்டு, வில் ஒருநாள் முறியவும் கூடும். (பட்டறைகளில் இது ஏதோ கைத்திறன் போலப் பேசப்படுவது வியப்பே.)

அளவறிந்து செய்த மாற்றுவில் வேறு. விறைப்பு, கம்பியின் விட்டத்தின் நான்காம் மடிக்கு ஏற்பக் கூடுவதால், கம்பி 7 விழுக்காடு தடித்தாலே மேற்சொன்ன 31 விழுக்காடு கிட்டிவிடும். அதற்கேற்ற ஷாக் அப்சார்பரையும் உடன் மாற்ற வேண்டும். பந்தயத் தளம் போன்ற வழுவழுப்பான பாதையில் இதனால் நன்மை உண்டு. ஈர்ப்பு மையம் தாழ்வதால் திருப்பங்களில் வெளிப்புறச் சக்கரங்களின் மீது ஏறும் பாரம் குறைகிறது.

ஆயின் நம் சாலைகள் பந்தயத் தளங்கள் அல்ல. இந்தியச் சாலைக் காங்கிரஸ் வகுத்த வேகத்தடையின் உயரமே 10 செ.மீ.; ஊரார் தாமே எழுப்பும் மேடுகளோ எவ்வளவுக்கும் கட்டுப்பட்டவை அல்ல. அவற்றை உத்தேசித்தே உயரமாக நிற்கும் வண்டியை, கண்ணுக்கு இனிமை வேண்டித் தாழ்த்துவதை ஆதரிப்பதற்கில்லை. அவ்வாறு தாழ்த்திய வண்டியில் முழுப் பாரத்துடன் பள்ளத்தில் இறங்கும்போது அடியை வாங்குவது வில்லன்று. உடற்கூடும் உள்ளிருப்போரின் முதுகெலும்புமே.

ஜீப்பில் நாள்தோறும் கிராமம் செல்லும் களப்பணியாளர்க்கும் இவ்விடைவெளி பயன்படும் அளவையே. சமதரையில், வழக்கமான ஆட்களும் சாமான்களும் ஏறிய பின், அச்சுக்கும் ரப்பர் தடுப்புக்கும் இடைப்பட்ட தூரத்தை ஓர் அளவுகோலால் அளந்து குறித்து வைக்கலாம். ஆசிரியர்கள் பள்ளிச் சோதனைக்கூடத்தில் எடைக்கற்களைத் தொங்கவிடும் சுருள்வில்லைக் கொண்டே, முதலில் முழு நீளத்துக்கும் பிறகு பாதிச் சுற்றுகளுக்கும் நீட்சியை அளக்கச் செய்து, ஒரே கம்பி இரு மடங்கு விறைப்பாவதை மாணவர்க்குக் காட்டலாம்.