பிளஸ் ஒன் வகுப்பில் வட்டிக்கணக்குக்கு இடம் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

2025 ஆகஸ்ட்டில் வெளியான மாநிலக் கல்விக் கொள்கையையொட்டி பிளஸ் ஒன் பொதுத்தேர்வு நீக்கப்பட்டது. பிள்ளைகளின் பாரம் குறைந்ததை வரவேற்கிறேன். ஆனால் அந்தத் தேர்வு 2017-18இல் எதற்காக வந்தது என்பதை சேலம், நாமக்கல் மாவட்டத்துக்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள். பதினொன்றாம் வகுப்புப் புத்தகத்தைப் பேருக்குப் புரட்டிவிட்டு, இரண்டு வருடமும் பிளஸ் டூ பாடத்தையே உருப்போட வைத்த தனியார் பள்ளிகளின் வழக்கத்தை நிறுத்தத்தான் அது வந்தது. தேர்வு போன பிறகு அந்த ஓராண்டு மறுபடியும் பிளஸ் டூவுக்கு ஒத்திகையாகிவிடும் ஆபத்து கண்முன்னே இருக்கிறது. அப்படி ஆவதற்கு முன், வாரத்துக்கு இரண்டு பாடவேளையையாவது எல்லாக் குரூப் மாணவர்களுக்கும் தனிநபர் நிதிக்கென்று ஒதுக்க வேண்டும். கடன், வட்டி, சேமிப்பு, காப்பீடு பற்றி எல்லாருக்கும் பொதுவான ஒரு தனிப்பாடம் இல்லாமலே பன்னிரண்டு ஆண்டுப் படிப்பை முடித்து அனுப்புகிறோம். அதை எதிர்த்தே இந்தக் கடிதம்.

கடன் இல்லாமல் தொழில் நடக்காத பூமி எங்கள் சேலம், நாமக்கல் வட்டாரம். நாமக்கல் லாரி, ஆழ்துளைக் கிணறு தோண்டும் திருச்செங்கோட்டு ரிக் வண்டி, கோழிப்பண்ணை, இளம்பிள்ளைத் தறி எல்லாமே தவணையில்தான் ஓடுகின்றன. எட்டாம் வகுப்பு வாழ்வியல் கணிதத்தில் கூட்டுவட்டி வருகிறது, உண்மைதான். ஆனால் பைனான்ஸ் கம்பெனியில் கையெழுத்துப் போடும்போது வேண்டியிருக்கும் கணக்கு வேறு. ஒரு லட்சம் ரூபாயை 12 சதவீத பிளாட் வட்டிக்கு மூன்று வருடத் தவணையில் வாங்கினால், வட்டி 36,000. மாதத் தவணை சுமார் 3,778 ரூபாய். அசல் மாதாமாதம் குறைந்துகொண்டே வந்தாலும் வட்டி மட்டும் முதல் நாள் அசலுக்கே போடப்படுகிறது. குறைந்துவரும் அசலுக்குக் கணக்கிட்டால் உண்மையான வட்டி 21 சதவீதத்தைத் தாண்டுகிறது. தண்டல் கணக்கு இன்னும் கொடியது. கையில் 8,500 ரூபாய் கொடுத்து, தினம் நூறு வீதம் நூறு நாள் வசூலித்தால், பார்வைக்கு 1,500 ரூபாய்தான் கூடுதல். ஆண்டு வட்டியாகப் பார்த்தால் அது 120 சதவீதம் அளவுக்கு வருகிறது. இரண்டையும் தோராயமாகக் கணக்கிடப் பெருக்கல், வகுத்தலுக்கு மேல் பெரிய கணிதம் வேண்டியதில்லை. எதை எதோடு ஒப்பிட வேண்டும் என்று ஒருவர் சொல்லித்தர வேண்டும், அவ்வளவுதான்.

கடனில் இப்படி என்றால், முதலீட்டில் நடந்தது நாடறிந்த கதை. பெருந்துறையை மையமாக வைத்துக் கிளம்பிய ஈமு கோழித் திட்டங்கள் 2012இல் சரிந்தபோது கொங்கு மண்டலம் முழுவதும் குடும்பங்கள் சேமிப்பை இழந்தன. ஒன்றரை லட்சம் கட்டினால் மாதம் ஆறாயிரம் என்ற விளம்பரம் ஆண்டுக்கு 48 சதவீதம் தருவதாகச் சொன்னது. எந்த வங்கியும் தராத வருமானத்தை ஒரு பறவை எப்படித் தரும் என்ற ஒரு கேள்வி போதும், கூடாரம் கலைந்திருக்கும். பதின்மூன்று ஆண்டு கழித்து, 2025 ஜனவரியில், சேலம் அம்மாப்பேட்டையில் அறக்கட்டளை ஒன்றின் பெயரில் பணம் திரட்டிய விவகாரத்தில் காவல்துறை கோடிக்கணக்கில் ரொக்கத்தைக் கைப்பற்றியது. முதலீட்டாளர் பாதுகாப்புக்குத் தமிழ்நாட்டில் 1997 முதலே சட்டம் இருக்கிறது. முறைப்படுத்தப்படாத வைப்புத் திட்டங்களைத் தடைசெய்யும் மத்தியச் சட்டம் 2019இல் வந்தது. சட்டம் பெரும்பாலும் பணம் போன பிறகே வந்து சேர்கிறது. பணத்தைக் கொடுக்கும் முன்பே தடுக்கக்கூடியது கட்டுபவரின் அறிவு ஒன்றுதான்.

வணிகவியலும் கணக்குப்பதிவியலும் இருக்கின்றனவே என்பார்கள். அவை ஒரு நிறுவனத்தின் பேரேட்டைக் கற்றுத்தருகின்றன. ஒரு குடும்பத்தின் கடனை அல்ல. மருத்துவ, பொறியியல் கனவோடு அறிவியல் குரூப் எடுப்பவர்களுக்கு அதுவும் கிடையாது. வீட்டிலேயே கற்கலாமே என்றால், ஈமுவுக்குப் பணம் கட்டியவர்கள் வீட்டுப் பெரியவர்கள்தான். தேசிய நிதிக்கல்வி மையத்தின் 2019 ஆய்வு, இந்தியப் பெரியவர்களில் 27 சதவீதம் பேரே அடிப்படை நிதியறிவு உள்ளவர்கள் என்று காட்டியது. கந்துவட்டிக்குக் காரணம் வறுமையே தவிர அறியாமை அல்ல என்பது கனமான வாதம். பசித்தவனுக்கு வட்டிக்கணக்கு சோறு போடாது. 2003ஆம் ஆண்டுக் கந்துவட்டித் தடைச் சட்டத்தையும் கூட்டுறவுக் கடனையும் அரசு வலுப்படுத்தியே ஆக வேண்டும். ஆனால் கூட்டுறவுச் சங்க நகைக்கடனுக்கும் அடகுக்கடை வட்டிக்கும் உள்ள வித்தியாசம் தெரிந்தால் அதிகம் பயனடைவதும் ஏழைவீட்டுப் பிள்ளைதான்.

பள்ளியில் சொல்லித்தந்தால் நடத்தை மாறுமா என்ற ஐயமும் நியாயமானதே. பிரேசிலில் 892 உயர்நிலைப் பள்ளிகளில் சுமார் 25,000 மாணவர்களிடம் நடத்திய ஆய்வு இதற்குப் பதில் சொல்கிறது. பாடம் படித்தவர்களின் நிதியறிவும் சேமிப்பும் கூடின. அதே மாணவர்களிடம் கடன் அட்டை, தவணைக் கொள்முதல் பழக்கமும் கூடியது. இதை மறைக்க வேண்டியதில்லை. பாடத்தை எப்படி அமைக்க வேண்டும் என்பதற்கு இதுவே எச்சரிக்கை. கடன் வாங்கும் வழிகளை விடக் கடனின் விலையை அது முதலில் சொல்ல வேண்டும். பாடத்தை மாநிலக் கல்வியியல் ஆராய்ச்சி மற்றும் பயிற்சி நிறுவனமே எழுத வேண்டும். வங்கி முகவர்களும் மியூச்சுவல் பண்ட் விற்பவர்களும் வகுப்பறைக்குள் வரக்கூடாது. பொதுத்தேர்வும் வேண்டாம், ஏலச்சீட்டில் தள்ளு போவதையும், ஒரு வங்கியில் ஒருவருக்கு ஐந்து லட்சம் வரையே வைப்புக் காப்பீடு உண்டு என்பதையும் செயல்முறையாகச் செய்து பார்த்தால் போதும்.

காலம் கடத்த முடியாததற்கு ஒரு காரணம் இருக்கிறது. புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களில், அரசுப் பள்ளியில் படித்த பிள்ளை கல்லூரியில் சேர்ந்ததும் மாதம் ஆயிரம் ரூபாய் வங்கிக் கணக்குக்கு வருகிறது. அதே வயதில்தான் கல்விக்கடன் பத்திரத்திலும் கையெழுத்துப் போடுகிறார்கள். படிக்கும் காலத்திலும் அந்தக் கடனுக்கு வட்டி ஏறும் என்பதை முதல் தவணை வரும்போது தெரிந்துகொள்ளும் நிலைக்கு அவர்களை விடக்கூடாது. ஒரு காலத்தில் நம் பள்ளிகளில் சஞ்சாயிகா சேமிப்புத் திட்டம் இருந்தது. சேமிக்கப் பழக்குவது பள்ளியின் வேலை என்று அன்று ஒப்புக்கொண்டிருந்தோம். கணக்கில் பணம் போடும் அரசு, அந்தக் கணக்கைப் பார்க்கவும் கற்றுத்தர வேண்டும். பிளஸ் ஒன் கால அட்டவணையில் அதற்கான இடத்தைப் பள்ளிக் கல்வித்துறை அரசாணையாகவே அறிவிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
ராசிபுரம், நாமக்கல் மாவட்டம்.