வெயிலுக்குத் தகுந்தபடி சுழலும் மோட்டார்!

திருவண்ணாமலையைச் சுற்றியுள்ள ஊர்களில் நெல்லும் நிலக்கடலையும் கிணற்றை நம்பி விளைகின்றன. சூரிய சக்தி பம்பு செட்டுக்கு மானியம் தரும் திட்டத்தை 2019-ல் மத்திய அரசு தொடங்கியது. வெயில் இருக்கிறது, கரண்டுச் செலவு இல்லை. நல்லதுதான்.

ஆனால் ஒரு சங்கதி. வாரியத்து கரண்டில் ஓடும் மோட்டார் ஏறக்குறைய ஒரே வேகத்தில் ஓடும். சூரிய மோட்டார் அப்படி அல்ல. காலையில் மெதுவாகச் சுழலும். உச்சியில் வேகம் பிடிக்கும். ஒரு மேகம் மறைத்தால் தளர்ந்துவிடும்.

வேகம் பாதியானால் பாதித் தண்ணீராவது வரும் என்று நினைப்பார்கள். தவறு! வேகம் பாதியானால், தூக்கும் உயரம் கால் பங்காகிவிடும். முழு வேகத்தில் 200 அடி தூக்கும் பம்பு, பாதி வேகத்தில் 50 அடிதான் தூக்கும். தண்ணீர் 80 அடியில் கிடந்தால்? மோட்டார் சுழலும், ஒரு சொட்டும் வராது! பாவம், விவசாயி மெக்கானிக்கைத் தேடி ஓடுவார்.

இக்காலத்தில் பம்பைச் செய்யும் முன்பே, கம்ப்யூட்டரில் கணக்காக ஓட்டிப் பார்க்க முடிகிறது. அதை ஒரே வேகத்தில் ஓட்டிப் பார்த்தால் போதுமா? உச்சி வெயில் கணக்கு காலை 8 மணிக்கு உதவாதே! விடிந்தது முதல் மாலை வரை வேகம் ஏறி இறங்குவதையும், கோடையில் கிணறு வற்றுவதையும் சேர்த்தே பார்க்க வேண்டும். கம்ப்யூட்டருக்குக் கூடுதல் நேரம் பிடிக்குமாம். பிடிக்கட்டுமே!

80 அடியில் தண்ணீர் இருந்தால் எத்தனை மணிக்கு விழும், எத்தனை மணிக்கு நிற்கும்? கோவையில் பம்பு செய்கிறவர்கள் இதைத் தமிழில் ஒரு தாளில் அச்சிட்டு, விவசாயி பணம் கட்டும் முன்பே கையில் கொடுக்க வேண்டும்.