பத்து வெள்ளியும் ஒரு ஞாயிற்றுக்கிழமையும்



கேரளத்தில் ரப்பர் போட்டிருக்கும் விவசாயிகளிடம் என்ன கன்று என்று கேட்டுப் பாருங்கள். சிலர் 'பி.பி. 260' என்பார்கள். கொஞ்சம் வயதானவர்கள் 'பி.பி. 86' என்பார்கள். அந்த 'பி.பி.' நம் மலேசியத் தோட்டம் ஒன்றின் பெயர்ச்சுருக்கம்தான். டெங்கிலுக்குப் பக்கத்தில் இருந்த பிராங் பெசார் தோட்டத்தை முதல் உலகப் போரிலிருந்து திரும்பிய பிரிட்டிஷ் படைவீரர்கள் 1921-இல் காடு திருத்தித் தொடங்கினார்கள். அதிகப் பால் தரும் மரங்களைப் பொறுக்கி, மொட்டு ஒட்டிக் கன்றுகள் உண்டாக்கும் வேலையில் அந்தத் தோட்டம் பேர் வாங்கியது. அங்கே உருவான இனங்கள் கடல் கடந்து போயின. அந்தத் தோட்டம் இருந்த மண்ணில்தான் இன்று புத்ராஜெயா நிற்கிறது.

கட்டுமானம் 1995-இல் தொடங்கியது. பிராங் பெசார், கேலவே, செட்ஜ்லி, மெடிங்லி தோட்டங்களில் தலைமுறை தலைமுறையாக இருந்த சுமார் 400 குடும்பங்கள் லயத்தைக் காலி செய்துவிட்டு டெங்கில் தாமான் பெர்மாத்தா அடுக்குமாடிகளுக்கு வந்தார்கள். இந்த மாதம் உங்களோடு பேச நினைத்தது அவர்களைப் பற்றித்தான்.

தாமான் பெர்மாத்தா என்றதும் உங்களுக்கு நினைவுக்கு வருவது செய்தித்தாள்களில் பார்த்த சுவர் விரிசல்களாகத்தான் இருக்கும். அது உண்மை. தரை வீடு கேட்டு அந்த மக்கள் ஆண்டுக்கணக்கில் மனு எழுதினார்கள், கூட்டம் போட்டார்கள், ஆட்சி மாறும்போதெல்லாம் புதிதாக வந்தவர்களிடம் மறுபடியும் முதலிலிருந்து கதை சொன்னார்கள். நாட்டின் நிர்வாகத் தலைநகருக்கு நிலத்தை விட்டுக் கொடுத்தவர்களை இத்தனை காலம் அலையவிட்டது வெட்கக்கேடு. ஆனால் அந்தப் போராட்டத்தில் யாரும் அதிகம் பேசாத ஒன்று இருக்கிறது. தலைமை தாங்கியவர்கள் யார்? பால் வெட்டியவர்கள், செம்பனைக் குலை தூக்கியவர்கள், அவர்களின் பிள்ளைகள். மனு எழுதவும், கையெழுத்து வாங்கவும், கணக்கு வைக்கவும், நாலு பேர் நாலு விதமாக இழுக்கும்போது கூட்டத்தைக் கலையாமல் பிடித்து வைக்கவும் அவர்கள் எங்கே கற்றுக்கொண்டார்கள்?

தோட்டத்து வேலை அவர்களுக்கு அதைக் கற்றுக் கொடுக்கவில்லை. விடியுமுன் பெரட்டு, பிறகு நிரை, பால் எடுத்து ஸ்டோரில் நிறுத்துக் கொடுத்தால் அன்றைய கடமை முடிந்தது. எந்த நிரை, எவ்வளவு கூலி, எந்த வீடு எல்லாவற்றையும் கிராணியும் கங்காணியும் துரையும் முடிவு செய்தார்கள். வேலை போனால் வீடும் போகும். ஒரு மனிதனுக்குத் தன் புத்தியால் தீர்மானிக்க அங்கே பெரிதாக எதுவும் இல்லை.

மாலையில்தான் கதை வேறு. மாரியம்மன் கோயில் திருவிழாவுக்கு வீட்டுக்கு இவ்வளவு என்று வரி போட்டு, பந்தல், சமையல், காவடி, கூத்து என்று வேலை பிரித்துக் கொடுத்தவன் அதே தொழிலாளி. தமிழ்ப்பள்ளிக் கூரை ஒழுகினால் நிர்வாகம் பார்த்துக்கொள்ளும் என்று காத்திராமல் ஞாயிற்றுக்கிழமை கோத்தோங் ரோயோங் போட்டவனும் அவன்தான். ஒரு சாவு விழுந்தால் பாடை கட்டுவதிலிருந்து பதினாறாம் நாள் சோறு வரை யாரும் சொல்லாமலே நடந்தது. சம்பளமில்லாத இந்த இரண்டாவது வேலையில்தான் நிர்வாகம் படித்தார்கள். பெண்களின் பங்கை இதில் தனியாகவே சொல்ல வேண்டும். ஆண்களுக்குச் சமமாக நிரை வெட்டிவிட்டு வந்து, திருவிழாவுக்கு நூறு பேருக்கு உலை வைத்தவர்கள் அவர்கள். எந்தக் கோயில் கல்வெட்டிலும் அவர்கள் பெயரைப் பார்த்ததாக எனக்கு நினைவில்லை. நன்கொடை கொடுத்தவர்கள் பெயர் மட்டும் பளபளவென்று இருக்கிறது.

இந்த ஆற்றலை நம்பி ஒரு தலைவர் பெரிய காரியம் செய்தார். சுதந்திரத்தை ஒட்டிய ஆண்டுகளில் வெள்ளைக்கார முதலாளிகள் தோட்டங்களை விற்றுவிட்டுப் போகத் தொடங்கினார்கள். வாங்கியவர்கள் துண்டு துண்டாக்கி விற்றார்கள். தோட்டத் துண்டாடல் என்ற சொல்லைக் கேட்டாலே அன்றைய தொழிலாளிக்கு வயிறு கலங்கும். 1960-இல் துன் வீ.தி. சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். அமைச்சராக இருந்தவர் தோட்டம் தோட்டமாகப் போய், மாதம் பத்து வெள்ளி கொடுங்கள், நாமே தோட்டம் வாங்குவோம் என்றார். நாள் கூலியே சில வெள்ளிதான் இருந்த காலம். மாதம் பத்து என்பது குடும்பத்துச் சோற்றில் கை வைக்கிற தொகை. கொடுத்தார்கள். அடுத்த ஆண்டே கெடாவில் புக்கிட் சிடிம் தோட்டம் தொழிலாளர்களின் சங்கத்துக்குச் சொந்தமானது. பத்து வெள்ளி கொடுத்தவர் எவருக்கும் அன்று பெரிய லாபம் கண்ணில் தெரிந்திருக்காது. தன் பெயரில் ஒரு பங்கு இருக்கிறது, தானும் இதற்கு ஓர் ஆள் என்ற நினைப்பே அவரை நிமிர்ந்து நடக்க வைத்திருக்கும்.

டெங்கிலுக்கு வருவோம். தோட்டம் போனபின் வந்த வேலைகளைப் பற்றி இனிப்பாகப் பேச எனக்கு மனம் வரவில்லை. 1998 ஜூனில் சிப்பாங்கில் விமான நிலையம் திறந்தது. சைபர்ஜெயா வந்தது, புத்ராஜெயாவுக்கு அமைச்சுகள் வந்தன. வேலை என்னவோ நிறையத்தான் வந்தது. நம்மவர்களுக்குக் கிடைத்தவற்றில் பல துப்புரவு, காவல், தோட்டப் பராமரிப்பு, லோரி ஓட்டுதல், சரக்கு ஏற்றி இறக்குதல். அதிலும் பாதி குத்தகை வேலை. குத்தகைக்காரர் மாறினால் பத்து வருட அனுபவம் பூஜ்யத்துக்கு வந்துவிடும். தாங்கள் பால் வெட்டிய மண்ணில் எழுந்த அலுவலகத்தின் தரையைத் துடைக்கப் போன அம்மாக்கள் உண்டு. அதைப் பாடுபட்டு உயர்ந்த கதையாக எழுதிவிட்டுப் போக முடியாது.

ஆனால் அடுத்த தலைமுறை அங்கேயே நிற்கவில்லை. விமான நிலையத்தில் சரக்கு ஏற்றியவரின் மகன் விமானப் பராமரிப்பு படிக்கிறான், துப்புரவு செய்தவரின் மகள் புத்ராஜெயா அலுவலகத்தில் அதிகாரியாக உட்காருகிறாள் என்றால் அதற்கு இடையில் யாரோ ஒருவர் ஞாயிற்றுக்கிழமையைக் கொடுத்திருக்கிறார். ஸ்ரீ முருகன் நிலையத்தை நினைத்துப் பாருங்கள். மலாயாப் பல்கலைக்கழக வரலாற்று ஆசிரியர் டாக்டர் தம்பிராஜா 1982-இல் தொடங்கியது. பல்கலைக்கழக மாணவர்கள் தங்கள் ஓய்வு நாளில் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பாடம் சொன்னார்கள். அந்தப் பிள்ளைகள் பல்கலைக்கழகம் போனதும் திரும்பி வந்து அடுத்த கூட்டத்துக்குப் பாடம் சொன்னார்கள். பத்துமலைக்கு அவர்கள் போகும் கல்வி யாத்திரையைப் பார்த்திருப்பீர்கள். நம் சமூகத்தில் எத்தனையோ திட்டங்கள் பட்ஜெட் வந்ததும் பிறந்து பட்ஜெட் தீர்ந்ததும் செத்துப்போயின. இது நாற்பது ஆண்டு தாண்டியதற்குக் காரணம், வாங்கியவர் திருப்பிக் கொடுக்க ஒரு வழி வைத்ததுதான் என்று நான் நினைக்கிறேன்.

பிரிக்பீல்ட்ஸில் நுண்கலை ஆலயத்தாரின் அன்னலட்சுமி உணவகமும், வாங்கியவர் திருப்பிக் கொடுப்பார் என்ற இதே நம்பிக்கையில் நடப்பதுதான். வேண்டியதைச் சாப்பிட்டு, மனம் போலக் கொடுக்கலாம். பரிமாறுகிறவர்களில் பலர் தொண்டர்கள். வெளியே அவர் வழக்கறிஞராகவோ மருத்துவராகவோ இருக்கலாம், இங்கே உங்கள் இலையில் சாம்பார் ஊற்றுவார். அதே பிரிக்பீல்ட்ஸில் 1951 முதல் இயங்கும் மலேசியப் பார்வையற்றோர் சங்கம் இன்னொரு பாடம் சொல்கிறது. பார்வையில்லாதவர்கள் அங்கே தொழில் பயின்று உடம்பு பிடித்துவிடும் நிலையங்களை நடத்துகிறார்கள். நாம் பரிதாபப்பட்டு நிற்கும்போது அவர் கட்டணத்தைச் சொல்லிப் படுக்கச் சொல்கிறார். வேலை ஒரு மனிதனுக்கு என்ன கொடுக்கிறது என்பதை அங்கே போய் முதுகைக் காட்டித்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

2021 நமக்கு எல்லாவற்றையும் ஒரே ஆண்டில் காட்டிவிட்டது. ஜூலையில் வெள்ளைக்கொடி. நடமாட்டக் கட்டுப்பாட்டில் சோற்றுக்கு வழியில்லாதவர்கள் வாசலில் ஒரு துணியைக் கட்டினால் போதும், அக்கம்பக்கத்தார் இனம் மதம் பார்க்காமல் அரிசி கொண்டு வந்தார்கள். டிசம்பர் 18-ஆம் தேதி வாக்கில் வெள்ளம். ஷா ஆலாம் தாமான் ஸ்ரீ மூடாவில் கூரை மேல் ஏறி மக்கள் காத்திருந்தபோது, சொந்தப் படகையும் நான்கு சக்கர வாகனத்தையும் எடுத்துக்கொண்டு வந்தவர்கள் சாதாரண ஆட்கள்தான். பெட்டாலிங் ஜெயா குருத்துவாராவில் சீக்கியர்களோடு மற்றவர்களும் சேர்ந்து ஆயிரக்கணக்கான உணவுப் பொட்டலங்கள் கட்டினார்கள். அந்த நாள்களில் ஓடியவர்களிடம் பேசினால் ஒரு விஷயம் தெரியும். அவர்களில் பலர் அப்போது வேலை இழந்திருந்தவர்கள். தன் சிக்கலை வீட்டில் உட்கார்ந்து எண்ணிக்கொண்டிருப்பதைவிட அடுத்தவர் வீட்டுச் சேற்றை வாருவது லேசாக இருந்தது என்பார்கள்.

இப்போது வாய்ப்புகள் முன்பைவிட உண்டு. அதை ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும். தெக்குன் வழியாக இந்தியத் தொழில்முனைவோருக்கான ஸ்பூமி கடனுதவி இருக்கிறது. 1987 முதல் இயங்கும் சிறுகடன் அமைப்பான அமானா இக்தியார் 2024-இல் இந்தியப் பெண்களுக்கென்றே 'பெண்' என்ற திட்டத்தை 5 கோடி வெள்ளி ஒதுக்கீட்டில் தொடங்கியது. வீட்டில் முறுக்கு சுடுகிறவர், தையல் தைக்கிறவர், கேட்டரிங் செய்கிறவர் அதில் கடன் வாங்கிக் கடையைக் கொஞ்சம் பெரிதாக்கலாம். குழுவாகச் சேர்ந்து வாங்கி, ஒருவருக்கொருவர் துணை நின்று தவணை கட்டுகிற முறை இது. நம் அம்மாக்கள் கூட்டு பிடித்துப் பழகியவர்கள், அவர்களுக்கு இதைப் பாடமாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. சிக்கல் விண்ணப்பத்தில். பாரம் மலாயில் இருக்கும், கணினியில் இருக்கும், கடைசித் தேதி தெரிவதற்குள் முடிந்திருக்கும். தாமானில் ஒருவர் சனிக்கிழமை இரண்டு மணி நேரம் மடிக்கணினியோடு சூராவ் பக்கத்து ஸ்டாலிலோ கோயில் மண்டபத்திலோ உட்கார்ந்தால் அந்தச் சிக்கல் பாதி தீர்ந்தது.

அந்த ஒருவர் நீங்களாக இருக்கலாம். குறிப்பாக, அறுபதில் ஓய்வு பெற்று, காலையில் பசியாறிவிட்டுப் புலனக் குழுவில் 'இனிய காலை வணக்கம்' படம் அனுப்புவதோடு பொழுதை முடிக்கும் அண்ணன்மார்களைச் சொல்கிறேன். கோபிக்க வேண்டாம். முப்பது வருடம் அரசாங்கப் பாரம் நிரப்பிய கை உங்களுடையது. சங்கத்தில் சேருங்கள் என்றும் சொல்ல மாட்டேன். நம் சங்கங்கள் சிலவற்றில் தலைவர், துணைத்தலைவர், உதவித் தலைவர், ஆலோசகர் என்று மாலை போடவே ஒரு மணி நேரம் ஆகிறது. பதவிக்கு அடிதடி நடக்கும் இடத்தில் நாற்காலி மடக்கி வைக்க ஆள் இருக்காது. பள்ளி நூலகத்தைத் திறந்து வைக்க ஆள் தேவை. சிறுநீரகச் சுத்திகரிப்புக்கு வாரம் மூன்று நாள் போகிறவரை வண்டியில் அழைத்துப்போக ஆள் தேவை. எஸ்.பி.எம். எழுதும் பிள்ளைக்குக் கணிதம் சொல்லித்தர ஆள் தேவை. இதற்கெல்லாம் பதவி வேண்டாம்.

அடுத்த சில இதழ்களில் இப்படிப்பட்டவர்களைப் பற்றித் தொடர்ந்து எழுத விரும்புகிறோம். டெங்கில், பந்திங், கிள்ளான், பிரிக்பீல்ட்ஸ், எங்கே இருந்தாலும் சரி, உங்கள் தாமானில் சத்தமில்லாமல் ஒரு வேலையை எடுத்துச் செய்கிற ஒருவரை உங்களுக்குத் தெரிந்திருக்கும். அவர் என்ன செய்கிறார், எப்போது தொடங்கினார், அவருக்கு இப்போது என்ன உதவி தேவை என்று ஒரு பக்கத்துக்குள் எழுதி அனுப்புங்கள். எழுதுமுன் அவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். டத்தோ பட்டம் வாங்கியவர்கள் வேண்டாம், அவர்களைப் பற்றி எழுத வேறு பத்திரிகைகள் இருக்கின்றன.

அன்புடன்,
ஆசிரியர்