65 பிராங்க் கழுதையும் பூட்டிய ஜன்னல்களும்

1878 செப்டம்பர். ராபர்ட் லூயிஸ் ஸ்டீவன்சன் என்கிற 27 வயது ஸ்காட்லாந்துக்காரர் தெற்கு பிரான்சில் லெ மொனாஸ்தியே என்ற மலையூரில் ஒரு பெண் கழுதை வாங்கினார். விலை 65 பிராங்க், கூடவே ஒரு கிளாஸ் பிராந்தி. கழுதையின் பெயர் மொடெஸ்தீன். அதை ஓட்டிக்கொண்டு (சில நாள் அது இவரை ஓட்டிக்கொண்டு) 12 நாளில் செவென் மலைகளைக் கடந்து, சுமார் 220 கிலோமீட்டர் தள்ளி இருக்கும் சான் ழான் து கார் ஊருக்கு வந்து சேர்ந்தார். வந்ததும் கழுதையைச் சேணத்தோடு சேர்த்து 35 பிராங்குக்குத் தள்ளிவிட்டார்.

பன்னிரண்டே நாளில் 30 பிராங்க் தேய்மானம். பி.காம். முதல் வருடப் பையனிடம் கொடுத்தால் கண்ணை மூடிக்கொண்டு நட்டக் கணக்கில் எழுதிவிடுவான்.

ஆனால் அந்த நட்டத்தில்தான் இன்றைக்கும் சில கிராமங்களில் அடுப்பு எரிகிறது. அடுத்த வருடமே, 1879-ல், அவர் அந்தப் பயணத்தைப் புத்தகமாக எழுதினார். அவர் போன வழி இப்போது ஜி.ஆர். 70 என்ற நடைபாதை. லெ புய் நகரத்தில் தொடங்கி அலேஸ் நகரம் வரை சுமார் 270 கிலோமீட்டர். மரத்திலும் பாறையிலும் சிவப்பு, வெள்ளை என்று இரண்டு பட்டை அடித்திருப்பார்கள், அதைப் பார்த்துக்கொண்டே நடக்கவேண்டியதுதான். கழுதையை வாடகைக்குப் பிடித்துக்கொண்டு நடப்பவர்களும் இருக்கிறார்கள். தேய்மானம் இந்த முறை கழுதைக்காரர் தலையில் :-)

மேட்டர் இதுதான். தெற்கு பிரான்சின் மலைக்கிராமங்களைப் பற்றிப் பேச்சு வந்தாலே இரண்டு கோஷ்டி வரிந்துகட்டிக்கொண்டு வரும். "சுற்றுலாதான் அந்த ஊர்களைக் காப்பாற்றுகிறது" என்று ஒரு கோஷ்டி. "சுற்றுலாதான் அந்த ஊர்களைக் கெடுக்கிறது" என்று இன்னொரு கோஷ்டி. இரண்டு பேரும் ஒரே தப்பைச் செய்கிறார்கள். எல்லாப் பயணிகளையும் ஒரே மூட்டையில் கட்டுகிறார்கள். கேட்கவேண்டிய கேள்வி ஒன்றே ஒன்றுதான்: வந்தவர் ராத்திரி எங்கே தூங்குகிறார்?

அந்த அமைதி எங்கிருந்து வந்தது?

படத்தைப் பார்ப்பவர்கள் முதலில் உருகுவது அமைதியைப் பார்த்துத்தான். கல்வீடு, கல்தெரு, ஆள் அரவமே இல்லை, "ஆஹா, பல நூற்றாண்டாக அப்படியே இருக்கிறதே!" என்று. சுத்த அபத்தம். இந்த அமைதி பல நூற்றாண்டு பழையது இல்லை. அது ஆட்கள் கிளம்பிப் போனதால் வந்த அமைதி.

செவென் மலைச்சரிவு முழுக்கப் படிக்கட்டு மாதிரி இருக்கும். இயற்கை கட்டியது இல்லை. சிமெண்டு, சுண்ணாம்பு எதுவும் இல்லாமல், கல்மேல் கல் அடுக்கி மனிதர்கள் கட்டிய சுவர்கள். ஒவ்வொரு சுவருக்குப் பின்னாலும் ஒரு துண்டு மண். அதில் செஸ்ட்நட் மரம். கோதுமை சரியாக விளையாத மலையில் அந்தக் கொட்டைதான் ரொட்டி. உலர்த்தி, பொடித்து, கஞ்சி காய்ச்சி குளிர்காலம் முழுக்க அதையே சாப்பிட்டார்கள். இன்னொரு பக்கம் மல்பெரி. வீட்டின் மேல்மாடியில் பட்டுப்புழு. அங்கே சில பழைய வீடுகள் ஏன் அவ்வளவு உயரம் என்று கேட்டால் பதில் அதுதான், மேலே குடியிருந்தது புழு!

1702 ஜூலையில் பொன் த மோன்வேர் என்ற ஊரில், புரட்டஸ்டன்ட் மக்களைச் சித்திரவதை செய்துவந்த ஒரு கத்தோலிக்கப் பாதிரியாரைக் கொன்றார்கள். கமிசார் கலகம் வெடித்தது. பதினான்காம் லூயியின் படை 1703-ல் அந்த மலைகளில் நூற்றுக்கணக்கான ஊர்களையும் குக்கிராமங்களையும் கொளுத்தியது. ஜனங்கள் திரும்பி வந்தார்கள். திரும்பக் கட்டினார்கள்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் பட்டுப்புழுவுக்கு நோய் வந்தது. 1865-ல் லூயி பாஸ்டரையே அலேஸ் நகரத்துக்கு அனுப்பினார்கள். சில வருடங்கள் மல்லுக்கட்டி, நோயில்லாத முட்டையைப் பிரித்தெடுக்கும் வழியையும் அவர் கண்டுபிடித்துக் கொடுத்தார். புழு பிழைத்தது, தொழில் பழைய நிலைக்குத் திரும்பவில்லை. 1869-ல் சூயஸ் கால்வாய் திறந்ததும் ஆசியப் பட்டு சல்லிசாக வந்து இறங்கியது. மலையில் இருந்தவர்கள் சுரங்கத்துக்கும் நகரத்துக்கும் இறங்கிப் போனார்கள். அந்த மலைகளின் ஒரு பகுதி இருக்கும் லோஸேர் மாவட்டத்தில் 1851-ல் 1,40,000 பேருக்கு மேல் இருந்தார்கள். இன்று 77,000 அளவில்தான். பிரான்சின் பெருநிலத்தில் இதைவிட ஜனத்தொகை குறைந்த மாவட்டம் கிடையாது.

ராஜா கொளுத்தியபோது அழியாத ஊர்கள், வருமானம் நின்றதும் காலியாகிவிட்டன. இதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள். ஊரைக் கொல்வது நெருப்பு அல்ல, வேலை இல்லாமல் போவது.

அழகிப் போட்டி

1982-ல் கொலோன்ழ் லா ரூழ் என்ற ஊரின் மேயர் ஷார்ல் சேராக் "பிரான்சின் மிக அழகான கிராமங்கள்" என்று ஒரு சங்கம் ஆரம்பித்தார். நோக்கம் நல்ல நோக்கம்தான், அழிந்துகொண்டிருந்த கிராமங்களைத் தூக்கி நிறுத்துவது. சேர என்ன வேண்டும்? மக்கள்தொகை 2000-க்குள் இருக்கவேண்டும், சட்டப்படி பாதுகாக்கப்பட்ட இடமோ கட்டடமோ குறைந்தது இரண்டு வேண்டும், ஊராட்சி மன்றத்தின் சம்மதம் வேண்டும். பிறகு பல தகுதிகளைப் பார்த்துச் சேர்த்துக்கொள்வார்கள். ஊர் வருடச் சந்தா கட்டவேண்டும். அதாவது இது ஒரு பிராண்ட்.

பிராண்ட் ஜெயித்த இடத்தைப் பார்க்க செவென் மலையிலிருந்து கிழக்கே, ரோன் ஆற்றைத் தாண்டி, புரொவான்ஸில் இருக்கும் லூபெரோன் பக்கம் போகவேண்டும். மலைமேல் அடுக்கடுக்காகத் தொங்கும் கோர்டு, காவிமண் சிவக்கும் ரூசியோன், மெனெர்ப், லூர்மரான் எல்லாமே அந்தப் பட்டியலில் உண்டு. மெனெர்ப் பக்கம் குடியேறிய பீட்டர் மேல் என்ற ஆங்கிலேயர் 1989-ல் அங்கே வாழ்ந்த ஒரு வருடத்தைப் பற்றிப் புத்தகம் எழுதினார். பிய்த்துக்கொண்டு விற்றது. படித்தவர்கள் வீட்டு வாசலுக்கே வர ஆரம்பித்து, கடைசியில் எழுதியவரே சில வருடம் அமெரிக்காவுக்கு ஓடவேண்டியதாயிற்று. திரும்பி வந்தபோது வேறு ஊரில்தான் குடியேறினார். தானே ஏற்றிய விளக்கில் தானே சுட்டுக்கொண்ட கதை.

பக்கத்தில் லக்கோஸ்ட். பியர் கார்டின், ஆமாம், அந்தத் துணி டிசைனர் கார்டினேதான், 2001-ல் அங்கே இருந்த கோட்டையை வாங்கினார். பிறகு ஊருக்குள் வீடு வீடாக வாங்கிக்கொண்டே போனார். பழுது பார்த்தார், கலைக்கூடம் வைத்தார், கோடையில் விழா நடத்தினார். "ஊருக்கு உயிர் கொடுக்கிறேன்" என்றார். ஊர்க்காரர்களில் ஒரு பகுதி கொதித்தது. அவர்கள் கேட்டதில் என்ன தப்பு? விழா முடிந்த மறுநாள் அந்தத் தெருவில் யார் வீட்டில் விளக்கு எரியும்?

வெளியூர்க்காரர் வீடு வாங்குவதே பாவம் என்று யாரும் சொல்லவேண்டாம். இடிந்து கிடந்த பல கூரைகளை மேய்ந்தது அவர்கள் காசுதான். 1968-க்குப் பிறகு நகரத்தை விட்டு செவென் மலைக்கு வந்து ஆடு வளர்த்த இளைஞர்களும் வெளியூர்க்காரர்கள்தான். அவர்கள் வருடம் முழுக்க அங்கேயே இருந்தார்கள், பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தார்கள். குற்றவாளி வெளியூர்க்காரர் இல்லை. குற்றவாளி பூட்டு. வருடத்தில் 40 நாள் திறக்கும் வீடு மீதி நாளெல்லாம் பேக்கரியில் ஒரு ரொட்டி குறைவாக விற்க வைக்கிறது.

ஒரு சின்னக் கணக்கு

ஜி.ஆர். 70 போகும் தூரத்தைக் காரில் ஒரே நாளில் முடித்துவிடலாம். நடப்பவர் ஒரு நாளைக்கு 20, 22 கிலோமீட்டர் போவார். 270 கிலோமீட்டருக்கு 12, 13 நாள். அதாவது சுமார் ஒரு டஜன் ராத்திரிச் சாப்பாடு, ஒரு டஜன் படுக்கை, ஒரு டஜன் காலைக் காபி, மத்தியானத்துக்குக் கட்டிக்கொண்டு போக ஒரு டஜன் ரொட்டி. இவை ஒரே ஊரில் இல்லை, ஒரு டஜன் ஊர்களில்! கால் வலித்தால் நின்றுதான் ஆகவேண்டும். எந்த ஊரில் நிற்பது என்பதை அழகிப் போட்டி முடிவு செய்வதில்லை, முழங்கால் முடிவு செய்கிறது. பட்டியலில் பெயரே இல்லாத ஊருக்கும் அதனால்தான் வியாபாரம் கிடைக்கிறது.

கார்க்காரர்? பார்க்கிங், ஐஸ்கிரீம், நாலு போட்டோ, அடுத்த ஊர். பிரான்சில் தங்கும் வரி என்று ஒன்று 1910-லிருந்து இருக்கிறது. வெளியூர்க்காரர் தங்கும் ஒவ்வொரு ராத்திரிக்கும் தலைக்கு இவ்வளவு என்று ஊராட்சிகள் வசூலிக்கலாம். தங்காதவரிடம் எப்படி வசூலிப்பது? அவருக்காக ஊராட்சி வாகன நிறுத்துமிடம் கட்டவேண்டும், கழிப்பறை கட்டவேண்டும், குப்பை அள்ளவேண்டும். வரவு ஐஸ்கிரீம் கடைக்கு, செலவு ஊருக்கு.

நடப்பவர் சாப்பிடுவது என்ன என்றும் பார்க்கவேண்டும். தங்குமிடத்தில் பெலார்தோன் என்கிற குட்டி ஆட்டுப்பால் சீஸ் வைப்பார்கள். அதற்கு 2000-ல் பிரான்ஸ் அரசின் பூர்வீக முத்திரை கிடைத்தது. செவென் மலையின் இனிப்பு வெங்காயத்துக்கு 2003-ல் கிடைத்தது. அந்த வெங்காயம் விளைவது மேலே சொன்ன அதே படிக்கட்டு வயல்களில். வெங்காயம் விற்றால் சரிந்த சுவரை நிமிர்த்த ஒருவருக்குக் காரணம் இருக்கும். விற்காவிட்டால் சுவர் சரியும், புதர் ஏறும், காட்டுப்பன்றி வரும், ஒரு கோடையில் தீயும் வரும். 2011-ல் யுனெஸ்கோ அந்த மேய்ச்சல் மலைகளை உலகப் பாரம்பரியமாக அறிவித்தது. அறிவித்ததும் சுவர் தானாக நிற்குமா? ஒருவர் கல் அடுக்கவேண்டும். கல் அடுக்குபவருக்குச் சாப்பாடு வேண்டும்.

"ஆனால்..." என்று ஆரம்பிப்பவர்களுக்கு

"நடப்பவர்கள் கொஞ்சம் பேர்தானே?" ஆமாம். ஆனால் 200 பேர் ஊருக்கு ஒரு ராத்திரி பத்துப் பேர் வந்தால் அது கூட்டம். இரண்டாயிரம் பேர் வந்தால் அது கலவரம்.

"சீசன் முடிந்தால் அவர்களும் வரமாட்டார்களே?" உண்மை. ஜனவரியில் மோன் லோஸேர் பனியில் கழுதையோடு நடக்க யாரும் வரப்போவதில்லை. ஆனாலும் வெயில் கொளுத்தும் ஜூலை, ஆகஸ்டைத் தவிர்த்து மே, ஜூன், செப்டம்பரில் வருபவர்கள் நடப்பவர்கள்தான். இரண்டு மாத வியாபாரம் ஐந்து மாதமாவது சின்ன விஷயமா?

"சைக்கிளில் வந்தால் மட்டும் புண்ணியமா?" நல்ல கேள்வி. இல்லை. வான்டூ மலை 1909 மீட்டர். பெதுவான் ஊரிலிருந்து உச்சிக்கு 21 கிலோமீட்டர் ஏற்றம். காரின் தலையில் சைக்கிளைக் கட்டிக்கொண்டு வந்து, ஏறி, இறங்கி, நேரம் பார்த்துவிட்டு அன்றைக்கே திரும்புபவரும் கார்க்காரர்தான். அதே சைக்கிளில் லூபெரோனைச் சுற்றும் தடத்தில் ஊர் ஊராகத் தங்கிப் போகிறவர் வேறு ரகம். சக்கரம் எத்தனை என்பது முக்கியம் இல்லை. ராத்திரி எங்கே என்பதுதான் முக்கியம்.

ஒரு பாலம், ஒரு நிபந்தனை

பொன்யூ ஊருக்குக் கீழே ஜூலியன் பாலம் என்று ஒன்று இருக்கிறது. மூன்று வளைவு. ரோமானியர்கள் கி.மு. 3-ஆம் ஆண்டு வாக்கில் கட்டியது. குதிரை போனது, மாட்டுவண்டி போனது, பிறகு கார் போனது. 2005 வரை போனது! அப்புறம்தான் யாருக்கோ புத்தி வந்து பக்கத்தில் புதுப் பாலம் கட்டினார்கள். இப்போது பழைய பாலத்தில் நடப்பவர்களும் சைக்கிள்காரர்களும் மட்டும். பக்கத்திலேயே, கைவிடப்பட்ட ரயில் தடம் சைக்கிள் பாதையாகிவிட்டது. ஆக, காருக்கு ஒரு வழி, காலுக்கு ஒரு வழி என்று பிரிக்க முடியாது என்பதெல்லாம் சும்மா. மனசு இருந்தால் முடியும் என்பதற்கு 2000 வருடத்துக் கல்லே சாட்சி.

எனவே அழகான கிராமங்களின் சங்கத்துக்கு ஒரு யோசனை. இரண்டு பழைய கட்டடம் இருக்கிறதா என்று எண்ணுவது சரி. கூடவே இன்னொரு எண்ணிக்கையையும் சேர்த்துக்கொள்ளட்டும். ஜனவரி மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை ராத்திரி எட்டு மணிக்கு ஊருக்குள் போய், எத்தனை ஜன்னலில் வெளிச்சம் தெரிகிறது என்று எண்ணட்டும். பாதிக்கும் மேல் இருட்டாக இருந்தால், அந்த ஊர் எவ்வளவு அழகாக இருந்தாலும் முதல் பரிசு கிடையாது.

போகிற வாய்ப்பு யாருக்காவது கிடைத்தால் பத்து ஊரைப் பார்க்காதீர்கள். மூன்று ஊரில் தங்குங்கள். காலையில் கிளம்பும்போது அந்த ஊர்க் கடையிலேயே ரொட்டி வாங்கிக்கொண்டு நடங்கள்.

பி.கு: மொடெஸ்தீனை விற்ற பிறகு ஸ்டீவன்சன் குதிரைவண்டியில் ஏறி உட்கார்ந்ததும் அழுதுவிட்டதாக அவரே எழுதியிருக்கிறார். 30 பிராங்க் நட்டத்துக்காக இல்லை. வண்டியில் போகிறவருக்கு அது புரிய வாய்ப்பில்லை.