துரையின் முகக்குறி பார்த்தவர்

ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பை எடுத்துப் புரட்டுகிறவர்கள் பெரும்பாலும் போர், கப்பல், சரக்கு விலை ஆகியவற்றைப் பொறுக்கிக்கொண்டு, இடையிடையே வரும் அச்சத்தையும் பொறாமையையும் பூரிப்பையும் உமியாக ஊதிவிடுகிறார்கள். 1736 செப்டம்பர் முதல் கால் நூற்றாண்டுக் காலம் எழுதப்பட்ட அந்தக் குறிப்பில் அரசியல் இருப்பது அந்த உமியில்தான் என்பேன். பிரெஞ்சுக்காரர் ஆண்ட புதுச்சேரியில் ஆளுநருக்கும் உள்ளூராருக்கும் இடைநின்ற தலைமைத் துபாஷிக்கு அதிகாரம் என்பது ஆளுநர் காது கொடுக்கிற வரைக்கும்தான். இன்று துரை சிரித்துப் பேசினாரா, பலர் பார்க்கச் சீறினாரா, ஆளுநர் துப்ளெக்ஸின் மனைவி மதாம் துப்ளெக்ஸ் யாருக்காகப் பரிந்து பேசினார் என்பதையெல்லாம் அவர் விடாமல் குறித்துவைத்தது மனப்புழுக்கத்தை ஆற்றிக்கொள்ள மட்டுமல்ல. பாக்கும் துணியும் விற்ற வணிகர் அவர். தயவின் ஏற்ற இறக்கத்தையும் பேரேட்டில் ஏற்றினார். தயவு போனால் என்ன ஆகும் என்பதும் அவர் குடும்பம் அறிந்ததே. மாமன் முறையான நைனியப்ப பிள்ளை அதே பதவியிலிருந்து சிறைக்குப் போய், 1717-இல் அங்கேயே இறந்தார். 1746 பிப்ரவரியில் தலைமைத் துபாஷியாக இருந்த கனகராய முதலியார் மறைந்தபின் அந்தப் பதவிக்கு நடந்த போட்டியைப் பற்றிப் பிள்ளை எழுதும் பக்கங்களில் தெரியும் பதற்றத்தை வெறும் பதவி ஆசை என்று ஒதுக்கிவிட முடியாது.

பிள்ளை தற்பெருமைக்காரர், துப்ளெக்ஸ் தம்மைப் புகழ்ந்ததாக அவர் எழுதியதையெல்லாம் எப்படி நம்புவது என்று கேட்பார்கள். நம்பத் தேவையில்லை. புகழ்ந்தது உண்மையோ இல்லையோ, ஒரு பெரும் வணிகர் எந்த வார்த்தைக்காக ஏங்கினார், எதைச் சொத்தாக எண்ணிச் சேர்த்தார் என்பது அதிலிருந்தே தெரிந்துவிடுகிறது. பிரெஞ்சுக் கும்பினியின் அலுவல் கடிதங்களில் அதற்கு இடமில்லை. இது மனதைத் திறந்து கொட்டிய அந்தரங்க ஏடு அல்ல, தொழில் பதிவு என்ற மறுப்பு இதைவிட வலுவானது. ஆனால் அந்த மறுப்பு, தொழில் வேறு உணர்வு வேறு என்று முதலிலேயே கோடு கிழித்துக்கொள்கிறது. பிள்ளையிடம் அப்படியொரு கோடு இல்லை.

1748 செப்டம்பரில், ஆங்கிலேயத் தளபதி பாஸ்கவென் புதுச்சேரியை முற்றுகையிட்டிருந்தபோது, வேதபுரீஸ்வரர் கோயில் இடிக்கப்பட்டது. அதைப் பற்றிய குறிப்பில் தொழில், உணர்வு இரண்டும் ஒன்றாகவே வருகின்றன. பாதிரிமார் ஐம்பது ஆண்டுகளாகக் கேட்டும் முந்தைய ஆளுநர்கள் இணங்கவில்லை; இது தமிழர் நாடு, கோயிலில் கை வைத்தால் அவப்பெயர் வரும், வணிகர் வரத்து நின்றுபோகும் என்று அவர்கள் தடுத்தார்கள் என எழுதுகிறார். இதுவரை கணக்குப் போடும் குரல். அடுத்து, கோயிலுக்குள் நடந்த அலங்கோலத்தை எழுத்தில் சொல்லவே முடியாது என்கிறார். தமிழர்கள் உலகமே முடிந்துவிட்டதாக நினைக்கிறார்கள் என்கிறார். எழுத்தில் சொல்ல முடியாது என்று சொன்னதோ, துரையின் ஒவ்வொரு முகச்சுளிப்பையும் வரி வரியாக எழுதிய கை அது. கோயிலை இடித்த துரையிடமே அவர் அதன் பிறகும் சேவகத்தில் இருந்தார்.