பேரைக் கேட்டா என்ன மாப்ள?

'மெய்யழகன்' படம் வெளியாகி ஒரு வருஷம் தாண்டிவிட்டது. புதுக்கோட்டை மாவட்டம் அன்னவாசல் கடைத்தெருவில் நாங்கள் உட்காரும் டீக்கடை பெஞ்சில் அந்த வழக்கு இன்னும் முடியவில்லை. வழக்கு இதுதான். பல வருஷம் கழித்து ஒரு கல்யாணத்துக்காகத் தஞ்சாவூர்ப் பக்கம் வருகிறார் அரவிந்த்சாமி. "அத்தான் அத்தான்" என்று கூடவே சுற்றி, விழுந்து விழுந்து கவனிக்கிறார் கார்த்தி. அவர் யார், பெயர் என்ன என்று இவருக்கு ஞாபகமே வரவில்லை. கேட்கவும் கூச்சம். இரவெல்லாம் ஒன்றாக உட்கார்ந்து பேசிவிட்டு, குற்ற உணர்ச்சி தாங்காமல் சொல்லிக்கொள்ளாமலே கிளம்பிவிடுகிறார்.

"பேரைக் கேட்டா என்ன மாப்ள?" என்பது குட்டியானை ஓட்டும் நண்பரின் வாதம். "நம்ம பக்கம் கல்யாண வீட்டுல செருப்பக் கழட்டுறதுக்குள்ள 'நீங்க யாரு வீட்டுப் புள்ள'ன்னு கேட்டுருவாங்க. ஒரு கேள்வியில முடிய வேண்டிய படம்யா அது."

பதில் சொன்னவர் சிங்கப்பூரில் கட்டட வேலை பார்த்துவிட்டுத் திரும்பியவர். "நீ ஊர்லயே கெடக்க, உனக்கு எல்லாப் பேரும் தெரியும். நாலு வருசம் கழிச்சு லீவுல வந்து பாரு. 'என்னைத் தெரியுதா'ன்னு சிரிச்சுக்கிட்டே ஒருத்தன் கையப் புடிப்பான். தெரியலைன்னு அந்த மூஞ்சியப் பார்த்து எப்படிச் சொல்லுவ? 'நல்லாருக்கீங்களா மாமா'ன்னு பொதுவா ஒண்ணச் சொல்லிட்டுப் பந்திக்குப் போயிர வேண்டியதுதான்."

"அப்ப எங்க தங்கச்சி கல்யாணத்துல என்னைய மாமான்னு கூப்பிட்டியே, அதுவும் அந்தக் கணக்குதானா?"

அதற்குப் பதில் வரவில்லை. டீதான் வந்தது.

இத்தனை வருஷப் பழக்கத்தில் அவர் தன் வெளிநாட்டு வாழ்க்கையைப் பற்றி இப்படி ஒரு வார்த்தை சொன்னதில்லை. சம்பளம், ஏஜென்ட், வெயில் பற்றியெல்லாம் சொல்லியிருக்கிறார். ஊருக்கு வந்து விருந்தாளி மாதிரி முழித்ததைச் சொன்னதில்லை. அன்று கார்த்தியையும் அரவிந்த்சாமியையும் நடுவில் நிறுத்திக்கொண்டதால் அவருக்கு வாய் வந்தது. சினிமாப் பேச்சை வெட்டிப் பேச்சு என்பவர்கள் கவனிக்காத இடம் இது.

இன்னொன்றும் உண்டு. பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் ஒவ்வொருவருக்கும் ஏதோ ஒரு விஷயம் அக்குவேறு ஆணிவேறாகத் தெரியும். எங்களில் ஒருவர் ஜல்லிக்கட்டுக் காளை வளர்க்கிறார். விராலிமலையில் 2019 ஜனவரியில் ஒரே நாளில் 1,350க்கும் மேற்பட்ட காளைகளை அவிழ்த்துவிட்டு உலக சாதனை படைத்த மாவட்டம் எங்களுடையது. ஆகவே சினிமாவில் காளை வந்தால் அவர்தான் நீதிபதி. திமில் பிடிக்கும் காட்சிகளையெல்லாம் "கிராபிக்ஸு" என்று ஒரே சொல்லில் தள்ளிவிடுவார். அப்பேர்ப்பட்டவர் 'கொட்டுக்காளி'யில் ஒரு காட்சிக்கு மட்டும் நிமிர்ந்து உட்கார்ந்தார். ஆட்டோவில் போகும் கூட்டத்தை ஒரு காளை வழிமறிக்கிறது. மீசை முறுக்கிய ஆண்கள் கிட்டப் போகவே தயங்குகிறார்கள். ஒரு சிறுமி வந்து சாதாரணமாக அதை ஓட்டிக்கொண்டு போய்விடுகிறாள்.

"இதான் உண்மை. தெனமும் தண்ணி காட்டுற புள்ளைக்குத்தான் மாடு கட்டுப்படும். எங்க வீட்டுக் காளையும் என்னையவிட என் மகளுக்குத்தான் அடங்கும்" என்றார்.

பின்னணி இசையே இல்லாத படம் அது. முடிவையும் நம் கையில் விட்டுவிட்டுப் போகிறது. பெர்லின் விழாவில் திரையிட்டதைச் சொல்லியும் குட்டியானைக்காரர் மசியவில்லை. "காசு குடுத்து உள்ள போனா முடிவையும் நாங்களே யோசிக்கணுமாக்கும்?" என்றார். 2024 ஆகஸ்ட் 23 அன்று, அதே நாளில், 'வாழை'யும் வந்தது. அதைப் பார்த்துவிட்டு வந்தபோது அவர்தான் வெகுநேரம் பேசாமல் இருந்தார். வாழைத்தார் ஏற்றிய லாரியின் மேல் ஆள் உட்கார்ந்து போவது என்றால் என்ன என்பது எங்களைவிட அவருக்குத் தெரியும். இந்த இரண்டு படங்களையும் தராசில் வைக்கும் சண்டை இன்றும் எங்களுக்குள் ஓடுகிறது.

இந்தச் சண்டைக்கு எங்கள் மண்ணில் பழைய பாத்தியதை உண்டு. ஒரு காலத்தில் திருச்சியில் வாழ்ந்த தியாகராஜ பாகவதர் ஒரு கட்சி, புதுக்கோட்டையில் பிறந்த பி.யு.சின்னப்பா எதிர்க்கட்சி. குரலா, நடிப்பா என்று கேட்டால் அவர்கள் குரல் என்பார்கள். நம்மவர்கள் 1940இல் வந்த 'உத்தம புத்திர'னின் இரட்டை வேடத்தை எடுத்துப் போடுவார்கள். போதாததற்கு அவருடைய சிலம்பத்தையும் சேர்த்துக்கொள்வார்கள். அந்தச் சின்னப்பாவின் கடைசி நாளைப் பற்றி அவர் வரலாற்றில் எழுதியிருக்கிறார்கள். 1951 செப்டம்பர் 23 அன்று மாலைக் காட்சியில் என்.எஸ்.கிருஷ்ணன் இயக்கிய 'மணமகள்' பார்த்தார். வீடு திரும்பி நண்பர்களோடு பேசிக்கொண்டிருந்தபோதே மயங்கி விழுந்து இறந்தார். வயது 35. அவ்வளவு பெரிய நட்சத்திரமும் படம் விட்டு வந்ததும் தூங்கப் போகவில்லை, நாலு பேரோடு உட்கார்ந்துதான் பேசியிருக்கிறார்.

இப்போது இந்தப் பேச்சுக்குத்தான் ஆபத்து. சிங்கப்பூர்க் கடிகாரம் நம்மைவிட இரண்டரை மணி நேரம் முந்தி ஓடுகிறது. தமிழ்நாட்டில் முதல் காட்சி காலை 9 மணிக்குத்தான். நாங்கள் புதுக்கோட்டை பஸ்ஸில் உட்காரும் முன்பே, அங்கே வேலை பார்க்கும் தம்பி ஒருவரின் குரல் பதிவு வாட்ஸ்அப்பில் வந்து விழுகிறது: "அண்ணே, ஃபர்ஸ்ட் ஆஃப் ஓகே, செகண்ட் ஆஃப் லேக்." அரைமணி நேரத்தில் அதே வாசகம் பத்து யூடியூப் சேனல்களில். நாங்களும் உள்ளே போய் எங்கே 'லேக்' வருகிறது என்று காத்துக்கொண்டிருக்கிறோம். வெளியே வந்ததும் காளைக்காரர் மாட்டைப் பற்றிப் பேசுவதில்லை, "கனெக்ட் ஆகல" என்கிறார். அவருடைய மொழியா அது?

படமெடுப்பவர்களும் இந்த அவசரத்தில் மாட்டிக்கொண்டார்கள். 2024 ஜூலையில் 'இந்தியன் 2' வெளியான கையோடு 12 நிமிடம் குறைந்தது. செப்டம்பரில் 'மெய்யழகன்' வந்த சில நாட்களிலேயே சுமார் 18 நிமிடம் போயிற்று. இரண்டு பேர் விடிய விடியப் பேசுவதுதான் கதை. அதில் பேச்சு நீளம் என்று கத்திரி போட்டால், கல்யாணச் சாப்பாட்டில் பந்தி நீளம் என்று பாதி இலையை எடுத்த மாதிரிதான்.

'கங்குவா' படம் வாங்கிக்கட்டிக்கொண்ட விமர்சனங்களுக்குப் பிறகு தயாரிப்பாளர்கள் சென்னை உயர் நீதிமன்றத்துக்கே போனார்கள். படம் வந்து முதல் மூன்று நாளைக்கு இணையத்தில் விமர்சனம் கூடாது என்று கேட்டார்கள். நீதிமன்றம் இடைக்காலத் தடை கொடுக்கவில்லை. கொடுக்காததே சரி. டிக்கெட் எடுத்தவன் வாயைச் சட்டம் போட்டு மூட முடியாது. ஆனால் காதை மூடிக்கொள்ள நமக்கு எந்தக் கோர்ட்டும் தேவையில்லை. படம் பார்க்கும்வரை குரல் பதிவைத் திறப்பதில்லை என்று நாங்கள் முடிவு செய்திருக்கிறோம். சிங்கப்பூர்த் தம்பிக்கு இதில் வருத்தம்தான். "நீங்க பார்த்துட்டு வாங்கண்ணே, அப்புறம் பேசுவோம்" என்று இறங்கி வந்திருக்கிறார்.

தயாரிப்பாளர்கள் கேட்டது மூன்று நாள். ஒரு படத்தை ஒழுங்காகத் திட்டி முடிக்கவே எங்களுக்கு அது பத்தாது.